டாங்கி ஒட்ட வீடு போதும், பெயிண்ட் அடிக்க ஒரு ரூம் வேணும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம்ம சிங்கப்பூர் சமூக மன்றங்கள்ல இன்னும் என்னென்ன வசதி வேணும்னு வாசகருங்க எழுதுறத நானும் படிச்சுக்கிட்டுதான் வர்றேன், பேட்மிண்டன் கோர்ட்டு கெடைக்கல, பெரியவங்க உக்காந்து பேச இடம் பத்தலன்னு, எல்லாம் நியாயம்தான். எனக்கும் ஒண்ணு கேக்கணும். நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வச்ச ஒரு சின்ன ஸ்ப்ரே ரூம். பிளாஸ்டிக் துண்டுங்கள ஒட்டி டாங்கி, வண்டி மாதிரி சின்ன உருவம் செய்ற மாடல் கிட்காரங்க வந்து பெயிண்ட் அடிச்சுட்டுப் போறதுக்கு.

ஒரு சமூக மன்றத்துல நேர்லயே கேட்டுப் பாத்தோம். கவுன்டர்ல இருந்தவங்க மரியாதையாத்தான் பேசுனாங்க, ஆனா "இது பிள்ளைங்க வெளையாட்டு சாமான்தானே அங்கிள், வீட்டுலயே செய்யலாமே"ன்னு முடிச்சிட்டாங்க. வீட்டுல ஏன் முடியாதுன்னு அந்தக் கவுன்டர்ல நின்னு சொல்ல நேரம் இல்ல, பின்னாடி ஆள் நின்னுச்சு, அதான் இங்க எழுதுறேன்.

ராணுவ வண்டி மாடல்னா வழக்கமா 1/35 ஸ்கேல், அதாவது நெஜ வண்டியில முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. ஜப்பான்ல டாமியா கம்பெனி அறுபதுகள் தொடக்கத்துல பேந்தர் டாங்கி கிட் போட்டப்ப உள்ள மோட்டாரும் பேட்டரியும் நுழையுற அளவுக்கு செஞ்சாங்க, அது ஏறக்குறைய 1/35-ல வந்து நின்னுச்சு, அப்புறம் உலகமே அதையே பிடிச்சுக்கிச்சு. எங்க மாடல் குழுல இப்ப நாங்க செய்றது 1/16. அமெரிக்க ஷெர்மன் டாங்கி 1/35-ல 17 சென்டிமீட்டர்தான் வரும், ஒரு கையில தூக்கிடலாம், அதே டாங்கி 1/16-ல 37 சென்டிமீட்டர். நீளம் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலதானேன்னு தோணும், ஆனா பெயிண்ட் அடிக்கிற பரப்பு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. தலைவலியே அங்கதான்.

ஒட்டுறதுல ஒரு பிரச்சினையும் இல்ல, சாப்பாட்டு மேசையில பேப்பர் விரிச்சு செஞ்சுக்கலாம், வீட்டுக்காரம்மா திட்டுறதுக்கு முன்னாடி எடுத்து வச்சா போச்சு. இந்த ஸ்கேல்ல வேலை நெறைய, அது வேற விஷயம். ஷெர்மனோட டரட், அதான் பீரங்கி இருக்குற மேல் கூண்டு, வார்ப்பு எஃகு, நெஜ வண்டியில தொட்டா சொரசொரன்னு இருக்கும், கிட்ல வர்ற பிளாஸ்டிக் வழவழன்னு சோப்பு டப்பா மாதிரி. அதுக்கு புட்டியை தின்னர்ல கரைச்சு, பழைய பிரஷ்ஷ அரை இஞ்சா வெட்டி, அந்தக் கரைசல்ல முக்கிக் குத்திக் குத்தி எடுக்கணும், காஞ்சதும் உப்புத்தாள லேசா ஓட்டி முனை மட்டும் மழுங்கடிக்கணும், ஜாஸ்தி தேய்ச்சா போச்சு, மறுபடி முதல்ல இருந்து. வெல்டிங் தையலுக்கு பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தி சூட்டுல காட்டி நூல் மாதிரி இழுத்து, கோட்டு மேல ஒட்டி, பசையில அது எளகினதும் கத்தி முனையால ஒரே சீரா அழுத்திக்கிட்டே போகணும். ஹெட்லைட் கூண்டு பித்தளைத் தகடு, நெருப்புல காட்டி ஆற விட்டாத்தான் மடங்கும், இல்லாட்டி ஒடஞ்சிடும். சின்ன ஸ்கேல்ல இதுல பாதி கண்ணுக்கே தெரியாது, 1/16-ல எல்லாமே தெரியும், செய்யாம விட்டதும் தெரியும்.

இவ்வளவும் செஞ்ச பிறகு பாத்தா பச்சை பிளாஸ்டிக், வெள்ளை புட்டி, மஞ்சள் பித்தளை, செவப்பு செம்புக் கம்பின்னு கோமாளி வேஷத்துல நிக்கும். எல்லாத்தையும் ஒரே பொருளா மாத்துறது பிரைமர்ங்கிற அடிப்பூச்சுதான், அது பித்தளை மேலயும் பிடிச்சு நிக்கணும்னா தின்னர்ல கரையுற லேக்கர் பிரைமர்தான் நம்பிக்கை. அதை எச்டிபி அடுக்குமாடி வீட்டுல எங்க அடிக்கிறது சொல்லுங்க? சமையக்கட்டு ஜன்னல்கிட்ட அடிச்சா கீழ் வீட்டு ஆன்ட்டி மூங்கில் கம்புல காயப்போட்ட துணி மேல போய் உக்காரும். காரிடார்ல அடிச்சா வாடை நாலு வீட்டுக்குப் போகும், குழந்தைங்க, ஆஸ்துமாகாரங்க எல்லாம் இருக்காங்க, அவங்க கம்ப்ளெயின்ட் பண்ணா நான் தப்பே சொல்ல மாட்டேன். சில பேர் வீட்டுக்குள்ளயே இருக்குற பாம் ஷெல்டர் ரூமுக்குள்ள போய் அடிக்கிறாங்களாம், டாங்கிக்குப் பொருத்தமான இடம்னு ஜோக் அடிச்சுக்கலாம், ஆனா அந்தக் கனமான இரும்புக் கதவை சாத்திக்கிட்டு தின்னர் ஆவிய மூச்சுல இழுக்குறது, பக்கத்துல ஒரு தீப்பொறி பட்டா என்ன ஆகும்னு யோசிக்காம இருக்குறது, சுத்தப் பைத்தியக்காரத்தனம். தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க.

நம்ம ஊரு காத்து வேற. காலைல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல போயிடுது, மழை இல்லாத நாள்ல மத்தியானம்தான் 60 பக்கம் எறங்கும். லேக்கர் சீக்கிரமா ஆவியாகும்போது அந்த எடம் சட்டுனு குளுந்துடும், காத்துல இருக்குற தண்ணி அது மேல படிஞ்சு பால் ஊத்துன மாதிரி வெள்ளை பூத்துடும். காயுறத மெதுவாக்குற ரிடார்டர் கலந்தா கொஞ்சம் தப்பிக்கலாம், முழுசா இல்ல. காத்தை அழுத்தித் தர்ற கம்ப்ரஸர் குழாய்க்குள்ளயும் தண்ணி கோத்துக்கும், அதைப் பிடிச்சு வைக்கிற வாட்டர் ட்ராப் மாட்டாதவங்களுக்கு பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷ்ல நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி துப்பும், பாத்துப் பாத்து அடிச்ச ஆலிவ் பச்சையில ஒரு வட்டம் விழுந்துடும். ஆக மொத்தம் பெயிண்ட் அடிக்க நல்ல நேரம் மத்தியானம், வேலைக்குப் போறவங்க வீட்டுல இல்லாத நேரமும் அதே மத்தியானம், சனி ஞாயிறு மட்டும் மிச்சம், அன்னிக்குத்தான் புளோக்கே துணி துவைக்கும். ஏர்கான் போட்ட, காத்தை வெளிய இழுக்குற ஒரு ரூம் இருந்தா இந்தக் கூத்து எதுவுமே வேணாம்.

தண்ணியில கரையுற அக்ரிலிக் அடிங்களேன்னு கேப்பாங்க. அடிக்கிறோம். ஆனா அதுவும் ஸ்ப்ரே ஆகும்போது பொகையாத்தான் பறக்குது, மூக்குக்குள்ள போனா போனதுதான், மாஸ்க்கும் ஃபேனும் அதுக்கும் வேணும். கையால பிரஷ் பிடிச்சே பிரமாதமா அடிக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு, அந்தப் பொறுமை எனக்கு வராது.

இன்னொரு கேள்வியும் வருது, பிள்ளைங்களுக்குப் போர்ச் சாமான் மேல ஆசை வந்துடாதான்னு. எங்க குழுல ஷெர்மன் செஞ்ச பையன் ஒருத்தன் சக்கரத்தைச் சுத்தி ஓடுற செயின் மாட்டுறப்ப கேட்டான், ஏன் அங்கிள் சில வண்டியில ரப்பர் கட்டை இருக்கு, சிலதுல வெறும் இரும்பு இருக்குன்னு. நெஜ வண்டியில பக்கத்துக்கு 79 கட்டை, ஷெர்மன்லயே எம்4ஏ4 மாடல்னா 83, அதைக் கோக்குற இணைப்பு ஒவ்வொரு கட்டைக்கும் ரெண்டு, ஒவ்வொண்ணா கோத்துக்கிட்டு இருந்தா கேள்வி வரத்தான் செய்யும். பதில் நம்ம வீட்டுக் கதைதான். 1942-ல ஜப்பான்காரன் மலாயாவையும் டச்சுக்காரன் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளையும் பிடிச்சதும் அமெரிக்காவுக்குப் போன இயற்கை ரப்பர் பெரும்பகுதி நின்னு போச்சு, அதனாலதான் முழு இரும்புச் செயின் செய்ய வேண்டியதாச்சு. அந்தப் பால் மரம் சீவுனது யாரு? அந்தப் பையனோட கொள்ளுத் தாத்தா ஜொகூர் தோட்டத்துல சீவுனவராம், அவங்க பாட்டிகிட்ட போய்க் கேட்டுட்டு வந்து சொன்னான். ரப்பர் கட்டைய இரும்பு மாதிரி வெள்ளி கலர்ல மினுக்கக் கூடாது, மங்கின சாம்பல்தான் அடிக்கணும், ஓரத்து இணைப்பு மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கும்னு அவனுக்கு நான் சொல்லித் தர வேண்டிய அவசியமே வரல, அதுக்கப்புறம் அவனே படம் தேடி எடுத்துட்டான்.

அதே மாதிரிதான் 1942 ஜனவரி 7-ல மலாயாவுல ஸ்லிம் ரிவர்ங்கிற எடத்துல நடந்ததும். ஜப்பான் டாங்கிங்க விடிகாலைல மெயின் ரோட்டுலயே பிரிட்டிஷ் வரிசைய பொளந்துக்கிட்டு வந்துச்சு, எதிர்த்து நிக்க பிரிட்டிஷ் பக்கம் ஒரு டாங்கிகூட இல்ல, அன்னிக்கு நசுங்குனது 11-ஆவது இந்திய டிவிஷன். அந்த ஜப்பான் டாங்கிய கையில செஞ்சு பாத்தவன் அதோட தகடு எவ்வளவு மெல்லிசுன்னு பாத்துட்டு, இதையே நம்ம ஆளுங்களால நிறுத்த முடியலையேன்னு வருத்தப்படுறான். போர் ஆசை வர்ற முகமா அது எனக்குத் தெரியல.

நம்ம ஊரு டாங்கிய விட்டுட்டா எப்படி. ஏஎம்எக்ஸ்-13, பிரெஞ்சு வண்டி, இஸ்ரேல்கிட்ட வாங்குனது, 1969 தேசிய தின அணிவகுப்புல முதல் முதலா உருண்டு வந்தது. எங்க குழுல ஒரு அண்ணன் கவசப் பிரிவுல தேசிய சேவை செஞ்சவர், இன்ஜின் டிரைவருக்கு வலது பக்கத்துலயே இருக்கும், உயரமான ஆளுக்கு உள்ள இடமே பத்தாதுன்னு கதை கதையா சொல்வார். டாமியா 2016-ல 1/35-ல இதை விட்டாங்க, ஆனா அது பிரெஞ்சுப் படையோட வண்டி. நம்ம ஆளுங்க எண்பதுகள்ல டீசல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்னு மாத்தி எஸ்எம்1-ங்கிற புது வடிவம் ஆக்குனாங்களே, அதைச் செய்யணும்னா முன் மூடிய நாமளே பிளாஸ்டிக் தகட்டுல வெட்டணும். அண்ணன் இப்ப அதையே 1/16-ல அடியில இருந்து செஞ்சுக்கிட்டு இருக்கார், மேல் டரட்டுக்கும் கீழ் டரட்டுக்கும் நடுவுல இருக்குற கித்தான் மடிப்ப எபாக்சி புட்டியில அவர் மடிச்சிருக்குறத நீங்க பாக்கணும், நெஜத் துணின்னு தொட்டுப் பாக்கத் தோணும். ஒட்டு வேலை முடிஞ்சுது. பெயிண்ட் அடிக்க எடம் இல்லாம அலமாரி மேல துணி போட்டு மூடி வச்சிருக்கார்.

சமூக மன்றத்துல சமையல் வகுப்புக்கு பொகைக்கூண்டு வச்ச ரூம் கட்டித் தர்றாங்க, சந்தோஷம். அதுல பாதி எடம் போதும் எங்களுக்கு. ரெண்டு மேசை, வெளிய இழுக்குற ஃபேன், ஃபில்டர், நெருப்பணைப்பான், ஒரு தண்ணிக்குழாய். தீப்பிடிக்கிற பொருள் உள்ள வருதுன்னா என்ன விதி உண்டோ அதெல்லாம் போடட்டும், ஆளுக்கு எவ்வளவு தின்னர் கொண்டு வரலாம்னு அளவு வைக்கட்டும், கையெழுத்து வாங்கிக்கட்டும். மணிக்கணக்குல காசு வாங்கட்டும், கோர்ட்டு புக் பண்ற மாதிரி ஆன்லைன்ல போடட்டும். கம்ப்ரஸர், ஏர்பிரஷ், மாஸ்க் நாங்களே கொண்டு வந்துடுவோம், மிஞ்சுன தின்னரை சிங்க்ல ஊத்தாம டின்ல அடைச்சு நாங்களே எடுத்துட்டும் போயிடுவோம். ஜப்பான் கார்ட்டூன்ல வர்ற கண்டம் (Gundam) ரோபோ மாடல் செய்ற பசங்க இதுல எங்கள விட அதிகம், அவங்களும் வருவாங்க, ரூம் காலியா கெடக்காது. சனிக்கிழமை ஆரம்பப் பிள்ளைங்களுக்குத் தமிழ்லயே சொல்லித் தர எங்க குழுல ஆள் இருக்கு, சம்பளம் வேணாம்.

சமூக மன்றங்கள நடத்துற மக்கள் கழகத்துல யாராவது இதைப் படிச்சா, அடுத்து புதுப்பிக்கப் போற மன்றத்தோட வரைபடம் போடுற முன்னாடி எங்கள ஒரு தடவை கூப்பிட்டுப் பேசட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
ஈசூன்