அனுப்பி வைத்தவர்களுக்கு

கோட்டையூர், பள்ளத்தூர், காரைக்குடி சொந்தங்களுக்கு வணக்கம். மாலத்தீவில் வேலையில் சேர்ந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன். தனித்தனியாகப் போன் பண்ணிச் சொன்னால் பாதிப் பேர் "இதுக்கெல்லாம் போயி நன்றியா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எல்லாருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் கடல் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போனவர்களின் பணத்திலும் பர்மாத் தேக்கிலும் எழுந்ததுதானே நம் தெருக்களில் பாதி. ஆனால் போனவர்களில் அநேகமாக எல்லாரும் ஆம்பிளைகள். கல்யாணமாகாத ஒரு கணக்கு டீச்சர் தனியாக ஒரு தீவுக்குப் போகிறாள் என்றதும், "யாரு துணை", "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ" என்று தொடங்கி "எப்பக் கல்யாணம்" என்பதில் வந்து நின்ற விசாரணைகள் இன்னும் காதில் இருக்கின்றன (பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்). அதில் ஒன்றையும் கேட்காமல் "சரி, என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எதிர்வீட்டு ஆச்சி. நேர்காணல் அன்று எங்கள் வீட்டில் நெட் வருவதும் போவதுமாக இருக்க, ஆச்சி வீட்டு வைஃபைதான் கைகொடுத்தது. முகப்பில் உட்கார்ந்தால் குரல் எதிரொலிக்கிறது, உள்முற்றத்து வளவுக்குப் போனால் புறாச் சத்தம். கடைசியில் பித்தளை அண்டாக்களுக்கு நடுவே சாமான் அறையில் ஒரு முக்காலியில் லேப்டாப்பை வைத்து, பின்னங்களைப் பற்றி மாதிரி வகுப்பு எடுத்து முடித்தேன். அது முடியும்வரை ஆச்சி வாசல் திண்ணையில் காவல் இருந்து, வந்தவர் போனவர் எல்லாரையும் கை சாடையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பச்சி (அப்பா) பர்மாவில் இருந்தவர், 1942இல் ஜப்பான் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களில் ஒருவர். "எங்க அப்பச்சிக்கு அங்கிட்டு யாரு துணை இருந்தாக? நீ போயிட்டு வா ஆத்தா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிள்ளையார்பட்டியிலிருந்து எனக்காக ஒரு சின்னப் பிள்ளையார் வாங்கி வைத்திருந்தார். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்ன, அவரு இங்கிட்டு இருந்தே பாத்துக்கிருவாரு" என்று அவரை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, அந்தக் கையோடு ஒரு கொட்டான் நிறையச் சீப்புச்சீடை கொண்டு வந்து கொடுத்தார்.

அப்புறம் சித்தப்பா மகன். ஒரு ஏஜென்ட் லட்ச ரூபாய்க்கு மேல் முன்பணம் கேட்டபோது நான் கிட்டத்தட்டச் சம்மதிக்கிற நிலையில்தான் இருந்தேன். தம்பிதான் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் தேடி, அந்த ஆள் பதிவே செய்யாதவர் என்று காட்டினான். பதிவு பெற்ற முகவர்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாதாம். இதைப் படிக்கிற டீச்சர்கள் யாராவது கிளம்புகிற யோசனையில் இருந்தால் அந்தத் தளத்தைப் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். எனக்கு இந்த வேலை வந்ததே ஏஜென்ட் மூலமாக இல்லை, ஏற்கெனவே இங்கே வேறொரு தீவில் இருக்கும் என் பி.எட். தோழி விளம்பரத்தை அனுப்பியதால்தான். மிளகாய்ப்பொடியும் புளியும் கட்டாயம் கொண்டுவா, தேங்காயும் மீனும் மட்டும் எடுத்துவராதே, மாசிக் கருவாட்டு நாட்டுக்கு யாராவது மீன் சுமப்பார்களா என்று சிரித்தவளும் அவள்தான்.

பழைய பள்ளியின் தலைமையாசிரியை அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஆண்டு நடுவில் போகிறாளே என்று மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு அலைக்கழிக்கும் கதைகள் தனியார் பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். அவரோ அனுபவச் சான்றிதழோடு என் கோப்பு மொத்தத்தையும் கையில் கொடுத்து, "சரிபார்த்துக்கோம்மா" என்றார். காவல்துறைச் சான்றுக்காக என்னை மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கூட்டிப்போன மாமாவுக்கும், ஒவ்வொரு தாளையும் கோணாமல் ஸ்கேன் பண்ணித் தந்த செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், டிக்கெட்டுக்காக அம்மா பெயரில் கடன் கொடுத்த மகளிர் குழு அக்காமாருக்கும் நன்றி. முதல் தவணையை அனுப்பிவிட்டேன் அக்கா, பாஸ்புக்கில் வரவு வைத்துவிடுங்கள்.

என் பத்தாம் வகுப்பு டியூஷன் பிள்ளைகளைப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் விட்டு வந்ததுதான் மனதை அறுத்தது. பக்கத்துத் தெரு டீச்சர் அவர்களை எடுத்துக்கொண்டு, "நீ வாங்கின ஃபீஸ்தான் நானும் வாங்குவேன்" என்றார். டேய் பசங்களா, வடிவியல் வரைபடத்தை அவரிடமும் பென்சிலைச் சீவாமல் போட்டுக் காட்டினால் எனக்குத் தகவல் வந்துவிடும்.

இங்கே பிள்ளைகளுக்கு கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். சொந்த மொழியான திவேஹியை வலமிருந்து இடமாக எழுதிவிட்டு, அடுத்த மணியில் என் சமன்பாட்டை இடமிருந்து வலமாகச் சலிக்காமல் போடுகிறார்கள். நான்தான் இன்னும் முழிக்கிறேன், பேச்சில் மூன்று சொல் தாண்டவில்லை.

எனக்கு விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். கடிகாரம் நம் ஊரைவிட அரை மணி பின்னால். அதனால் விடிகாலை ஐந்தரைக்கு "எந்திரிச்சிட்டியா" என்று கூப்பிடும் சித்தப்பாவுக்கும் நன்றி, ஆனால் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள்.