காத்தாலை உச்சியில தீப்பிடிச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்,

காத்தாலைன்னாலே எல்லாரும் ரெக்கை உடையுறதைத்தான் பேசுறாங்க, அதுக்காவது காத்து வினாடிக்கு 25 மீட்டர் கிட்ட வந்தா ரெக்கையை திருப்பி தானா நிறுத்துற ஏற்பாடு பெரும்பாலான மெஷின்ல இருக்கு, கரண்ட் போனாலும் பேட்டரி பாத்துக்கும். என் கவலை உச்சியில இருக்குற பெட்டி. கியர்பாக்ஸ் ஆயில், ஜெனரேட்டர், பிரேக் சூடு எல்லாம் ஒரே இடத்துல, அதுவும் 100 மீட்டர் உசரத்துல. தீயணைப்பு ஏணி பெரும்பாலும் எட்டாது, எரிஞ்சு முடியட்டும்னு கீழ நின்னு பாக்க வேண்டியதுதான். உள்ள ஆள் மாட்டுனா? டவர் ஏணியில புகை அடைச்சா, கதவைத் திறந்து கயித்துல இறங்குற கருவி ஒண்ணுதான் வழி, அதைப் போய் கீழ ஸ்டோர்ல பூட்டி வெச்சா எதுக்கு ஆகும்? புகை சென்சாரும் தானா அணைக்கிற சிலிண்டரும் வாங்குறவங்க இஷ்டம்னு விடாம டிசைன்லயே கட்டாயம் ஆக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்