பாட்டையும் படத்தையும் பிரிக்காதீர்கள்: ஆவணக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாட்டு, ஓவியம், எழுத்து மூன்றிலும் புழங்கிய ஒருவரின் சேகரிப்பைப் பொறுப்பேற்கப் போகிறவர்களே, வணக்கம்.

வந்த பெட்டிகளை ஒலி, ஓவியம், தாள் என்று பிரித்து மூன்று அறைகளுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். டெரி ஆலன் போன்றவரின் ஆக்கங்களுக்கு அது பெருங்கேடு. டெக்சஸின் லபக் நகரில் வளர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஓவியம் பயின்று, பியானோவில் கண்ட்ரி பாட்டு கட்டியவர் அவர். 1975-ல் வந்த அவருடைய ‘ஹுவாரெஸ்’ இசைத்தட்டு லித்தோகிராஃப் எனும் கல்லச்சுப் படங்களோடு சேர்ந்து உருவானது. இரண்டு ஜோடிகள், ஒரு கொலை, எல்லை தாண்டும் ஓட்டம். பாட்டை மட்டும் கேட்பவருக்குக் கதை பாதிதான் கிடைக்கும்.

எனவே எதையும் எடுப்பதற்கு முன், பெட்டி இருந்தபடியே படம் பிடியுங்கள். டேப் பெட்டிக்குள் மடித்துச் செருகிய தாளை எடுத்தால், டேப்புக்கும் தாளுக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தாளில் ஊறும்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியவை டேப்புகள்தான். எழுபது, எண்பதுகளில் வந்த பல டேப்புகளில் காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்திருக்கும். ஓட்டினால் கிறீச்சிடும், ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பிசின் படியும். உடனே நிறுத்துங்கள், தொடர்ந்து ஓட்டினால் ஒலி உரிந்து வந்துவிடும். கால் அங்குல டேப் என்றால் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடாக்கி, அதே அளவு நேரம் ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் டிஜிட்டலாகப் பதிவெடுத்துவிட வேண்டும். ஈரம் மறுபடி ஏறிவிடும் என்பதால் தள்ளிப்போட முடியாது. வீட்டு ஓவனில் வெப்பம் ஏறி இறங்கும், அது வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பு ரீலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த டேப். வினிகர் நெடியும் வரலாம். அதைச் சூடாக்கவே கூடாது.

அச்சுப் படங்களுக்கு 50 லக்ஸுக்கு (ஒளியின் அளவு) மேல் வெளிச்சம் வேண்டாம். கிழிசலை ஒட்டச் செலோடேப் வேண்டாம், கறை விடும். ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையுமே போதும். படம் பார்க்க வருபவரின் மேசையில் அதே எண்ணுள்ள பாட்டும் ஒரு ஹெட்போனும் இருக்கட்டும்.