சளிக்காய்ச்சல் காற்றில் வருகிறது: ஜன்னலைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்கு வீடு சளிக்காய்ச்சல்தான். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஓர் அறைக்குள் அடைந்துகொள்வதும் அதற்கு ஒரு காரணம். மழைக்காலம் என்றில்லை, 2023 மார்ச்சில் எச்3என்2 இன்புளுயன்சா பரவியபோது புதுச்சேரியில் 8-ஆம் வகுப்பு வரை 16-ஆம் தேதி முதல் 26-ஆம் தேதி வரை விடுமுறை விட நேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் கிளினிக், டியூஷன் சென்டர் வாசலில் சானிடைசர் பாட்டில் இருக்கிறது. உள்ளே ஜன்னல் சாத்தி ஏசி ஓடுகிறது. கை கழுவுவது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் இந்தக் கிருமிகளுக்கு முதன்மையான வழி காற்று.

இருமினால் மட்டுமே கிருமி வெளியேறும் என்பது தவறு. பேசும்போதும் பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட நுண்துளிகள் வருகின்றன. 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி சில நொடிகளில் தரையில் விழும். 5 மைக்ரான் துகள், காற்று அசையாத அறையிலேயே, தரையிறங்க அரை மணி நேரம் எடுக்கும். 1 மைக்ரான் துகள் பல மணி நேரம் மிதக்கும். ஒரு மூலையில் ஏற்றிய ஊதுபத்தி மறு மூலையில் மணக்கிறதே, அதே கதைதான். ஆறடி தள்ளி நின்றால் போதாது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் ஸ்காகிட் பகுதியில் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்த 61 பேரில், நோயோடு வந்தவரையும் சேர்த்து, 53 பேருக்குக் கோவிட் அறிகுறி வந்தது. அதே மாதக் கடைசியில்கூட உலக சுகாதார நிறுவனம் 'இது காற்றில் பரவாது' என்று அறிவித்தது. அந்த ஒரு வரி செய்த கெடுதல் இன்னும் நம் ஊர்ச் சுவர்களில் ஆறடி தள்ளி நிற்கச் சொல்லி வட்டம் போட்ட ஸ்டிக்கர்களாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது அறைக்குள் இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. சீலிங் ஃபேனும் காற்றைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். கணக்கு எளிது: 20 அடிக்கு 25 அடி, உயரம் 10 அடி உள்ள வகுப்பறையின் கொள்ளளவு 5,000 கன அடி, அதாவது சுமார் 142 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டுமென்றால் மணிக்கு 710 கன மீட்டர் தள்ளும் ஃபேன் தேவை. இந்த எண் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஃபேனுக்கு எதிர்ச் சுவரில் ஜன்னல் திறந்திருக்கட்டும். எல்லாக் கதவும் சாத்தியிருந்தால் ஃபேன் சுற்றும், காற்று போகாது. ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அங்கே வரும் காற்று அப்படியே வெளியேறிவிடும், அறையின் மறுகோடி அப்படியே கிடக்கும். ஜன்னலருகே ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று தெரிந்துவிடும். புதுச்சேரி வைசியாள் வீதியின் முற்றம் வைத்த பழைய வீடுகளுக்கு இந்தக் கணக்கே வேண்டியதில்லை, கட்டியவர்களுக்கு நன்றி.

அடுத்தது முகக்கவசம். 'வைரஸ் 0.1 மைக்ரான், முகக்கவசத்தின் துளை அதைவிடப் பெரிது, பிறகு எதற்கு?' என்று கேட்கிறார்கள். என்95 சல்லடை போல வேலை செய்வதில்லை. அதன் நடு அடுக்கில் மின்னூட்டம் ஏற்றிய பாலிபுரொப்பிலீன் இழைகள் இருக்கின்றன. துகளை ஈர்த்துப் பிடிப்பது அவைதான். பெரிய துகள்கள் நேராக வந்து இழையில் மோதும். மிக நுண்ணியவை தள்ளாடித் தள்ளாடி எப்படியும் ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். நழுவுவதில் கெட்டிக்காரத் துகள் 0.3 மைக்ரான் அளவுடையது, அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். அதிலேயே 95 சதவீதத்துக்குக் குறையாமல் பிடிக்க வேண்டும். சோப்பில் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ மின்னூட்டம் போய்விடும். பார்ப்பதற்கு வெள்ளைவெளேரென்று இருக்கும், பயன் இருக்காது.

வாங்கும்போது, என்95-க்கு ஈடான நம் நாட்டுத் தரக் குறியான ஐஎஸ் 9473, எஃப்எஃப்பி2 என்ற எழுத்தும் ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ளது நன்றாகப் படியும்: மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இருபுறமும் இடைவெளி விழும். உள்ளங்கைகளால் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று அடித்தாலோ மூக்குக்கண்ணாடி பனித்தாலோ மூக்கில் கசிவு. தாடி இருந்தால் எதுவும் சரியாகப் படியாது. வால்வு வைத்ததை நோயாளி அணியவே கூடாது. அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வந்துவிடும். சர்ஜிக்கல் மாஸ்க் துணியைவிட மேல், ஆனால் கன்னத்தோரம் திறந்தே கிடக்கும்.

என்95 விலை கூடுதல் என்பது நியாயமான மனக்குறைதான். ஐந்து வாங்கி ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, நாளுக்கு ஒன்றாக முறைவைத்து அணியலாம். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிவிடும். மழையில் நனைந்தாலும் பட்டை தளர்ந்தாலும் எறிந்துவிடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் முதல் நெல்லித்தோப்பு வரை கிளினிக் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். இருமிக்கொண்டு வருபவருக்கு வாசலிலேயே ஒரு முகக்கவசம் கொடுத்து, காற்று வெளியேறும் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அந்த ஜன்னலை மழையிலும் நான்கு விரற்கடையாவது திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
சுவாச நோய்ப் பிரிவில் பணியாற்றும் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்