எங்கள் தெருவுக்கு ஒரு நன்றி மடல்
தங்கச்சிமடத்து உறவுகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அக்கா, தம்பி எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு ஊருக்கு வந்திருந்தோம். சின்ன வயதில் வைத்த மாதிரியே நட்சத்திரமும் குடிலும் வைக்க வேண்டும் என்று ஆசை. ஆளுக்கொரு கை கொடுத்தீர்கள். அதற்கு நன்றி எழுத உட்கார்ந்தால், "பழைய பாக்கியையும் சேர்த்து எழுது" என்கிறார் அம்மா. சரி, எழுதுகிறேன்.

முதலில் நட்சத்திரம். அந்தக் காலத்தில் அப்பா மூங்கிலைப் பட்டையாகச் சீவி, வலை நூலால் கட்டி, மைதாப் பசை காய்ச்சிக் கலர் தாள் ஒட்டுவார். டிசம்பர் வாடைக்காற்று நம் வடகடல் கரையில் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாததா? அதனால் ஒவ்வொரு முனையிலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விடுவார், காற்று புகுந்து போகட்டும் என்று. பிறகு பழைய பாய்மரக் கம்பை முற்றத்தில் நட்டு, பாய் ஏற்றுவது போலவே கப்பியில் கயிறு போட்டு மேலே இழுப்போம். இந்த முறை அந்தக் கட்டு கட்டிக்கொடுத்தவர் எதிர்வீட்டு மாமா. பார்வை மங்கிய வயதில், விரலால் தடவித் தடவியே அத்தனை முடிச்சும் போட்டார். ஒன்றும் அவிழவில்லை.

குடிலுக்குப் பனை ஓலையும் உடைமரக் கிளையும் கொண்டுவந்த தம்பிகளுக்கும் நன்றி. எங்கள் குடிலில் ஆடு மாடுகளோடு ஒரு வள்ளமும் நிற்கும். பெத்லகேமில் கடல் ஏது என்று உபதேசியார் சிரிப்பார். "இடையர் வந்து பார்க்கலாம், நம்ம ஆள் வரக்கூடாதா?" என்பார் பாட்டி.

பாட்டி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் வீட்டையும் சொந்தங்களையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். அதனால் 22ஆம் தேதி எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. மறுநாள் காலை அவர்களுக்காகப் பூசை முடிந்த பிறகுதான் அதிரசம், முறுக்கு எல்லாம். பாட்டி போன பின்னும் அந்தப் பூசையை விடாமல் வைக்கிற நம் கோயில் சாமியார்களுக்கு நன்றி.

இனி பெரிய பாக்கி. அப்பாவும் கூடப் போனவர்களும் மீன்பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்த வருடம் அது. இந்தத் தடவை கிறிஸ்துமஸ் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டார். நாங்களும் கேட்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது துணிக்கடை பாய் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லி, டேப்பால் தோளையும் இடுப்பையும் அளந்தார். தையல்கார அண்ணன் கூலி வாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்த விரதச் சமையலுக்கு நடுவிலும் எங்களுக்கென்று ஒரு டின் முறுக்கு சுட்டுத் தந்தார். பாய் வீட்டம்மா கீழக்கரையில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து தொதல் என்கிற இனிப்பை வரவழைத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்கும் அந்தத் தொதலுக்கு நாங்கள் போட்ட சண்டையில்தான் அம்மா பல நாள் கழித்துச் சிரித்தார். நடுச்சாமப் பூசையில் தூங்கிப்போன கடைக்குட்டியைத் தோளில் போட்டு வீடுவரை தூக்கிவந்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. யாராக இருந்தாலும் உங்களுக்கும் நன்றி.

பொங்கலுக்கு முன்பே அப்பா வந்துவிட்டார். வந்ததும் புதுச்சட்டைகளைத்தான் முதலில் கேட்டார்; ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். துணிக் காசைக் கொடுக்கப் போனபோது, "அடுத்த பெருநாளைக்கு நல்ல மீனா பார்த்துக் கொடு" என்று பாய் அனுப்பிவிட்டாராம். கொடுத்தார் என்று அம்மா சொல்கிறார், சீலா மீனாம்.

பெயர்களை எழுதவில்லை. ஒருவர் விட்டுப்போனாலும் அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டும். இந்த முறையும் தொதல் வந்தது. அந்தத் தூக்குவாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் வாளியாகத் தரக்கூடாது என்று அம்மா வைத்திருக்கிறார். பொங்கலன்று கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
வடக்குத் தெரு நட்சத்திர வீட்டுப் பிள்ளைகள்