சபைகள் கூடினால் மாற்கின் முதல் அதிகாரத்தில் தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள பப்டிஸ்ட் சபைகளும் அவற்றோடு ஒத்த விசுவாசமுள்ள சுயாதீன சபைகளும் மிஷன் வேலையில் கைகோர்க்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் அது மைதானம், மேடை, ஒலிபெருக்கி, வெளியூர்ப் பேச்சாளர் என்று போய் முடிகிறது. கூட்டம் கலைந்த மறுநாள் அவரவர் வழி அவரவருக்கு. சேர்ந்து செய்ய ஒரு வேலை கையில் இருந்தால்தான் இந்த ஒற்றுமை நிற்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த வேலை, வேதாகமத்தை நம் ஊர்க் காதுக்கும் கண்ணுக்கும் கொண்டுபோகும் வேலையாக இருக்கட்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

பப்டிஸ்ட் சபைகளுக்கு இது பழகிய பாதைதான். 1784இல் இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயர் வட்டாரச் சபைகள், மாதத்தின் முதல் திங்கள் மாலை ஒரு மணி நேரம் ஜெபிப்பது என்று ஜோன் சட்கிளிஃப் முன்வைத்த தீர்மானத்தை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு சபையும் தன் ஊரிலேயே கூடியது. நாளும் ஜெபப் பொருளும் மட்டும் பொது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1792 ஒக்டோபர் 2இல், கெற்றரிங் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் பின்னறையில் கூடியவர்கள் பப்டிஸ்ட் மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தச் சங்கம் அனுப்பிய வில்லியம் கேரியின் வங்காளப் புதிய ஏற்பாடு 1801இல் சீராம்பூரில் அச்சேறியது. 1812இல் ஜேம்ஸ் சேற்றர் கொழும்பில் இறங்கி இலங்கையில் பப்டிஸ்ட் பணியைத் தொடங்கினார். மட்டக்களப்புக்கு 1814இல் வந்த வில்லியம் ஓல்ற் மெதடிஸ்ட். அவருக்கும் முன்னரே இங்கே கத்தோலிக்கர் இருந்தார்கள். இந்தக் கரையில் நாம் பின்னால் வந்தவர்கள் என்பதை மறக்காமல் வேலை செய்வது நல்லது.

பப்டிஸ்ட் சபைகள் கூடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. மேலிருந்து கட்டளையிடப் பேராயர் இல்லை. சபைகளின் சங்கம் ஆலோசனை சொல்லும், உத்தரவு போடாது. ஆகவே வாய்ப்பேச்சில் நிற்கும் ஒற்றுமை போதகர் மாறியதும் போய்விடும். ஒரு பக்கத்துக்கு மிகாத உடன்படிக்கை எழுதி, ஒவ்வொரு சபையின் அங்கத்தவர் கூட்டத்திலும் வாசித்து, வாக்கெடுத்து ஏற்க வேண்டும். போதகர் மட்டும் கையெழுத்திட்டால் அது சபையின் வாக்காகாது. எந்த வேலை, எத்தனை மாதம், யார் கணக்கு வைப்பது, ஒரு சபை விலக நினைத்தால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். ஓராண்டுக்கு மேல் எழுதாதீர்கள். முடிந்தபின் புதுப்பிப்பது எளிது. ஐந்தாண்டு வாக்கை நடுவில் முறித்தால் வரும் மனக்கசப்பு ஆறுவது கடினம்.

அந்த முதல் திங்கள் ஜெபத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். அதுபற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, செய்தால் போதும். ஆனால் ஜெபக்கூட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். முதலாவது, பிரசங்கம் ஒரு மணி நேரத்தில் முக்கால் மணியை விழுங்கிவிடும். வசனம் ஐந்து நிமிடம், தகவல் பத்து நிமிடம், மீதி நாற்பத்தைந்தும் ஜெபம் என்று மணிக்கூட்டைப் பார்த்து நடத்த ஒருவரை நியமியுங்கள். இரண்டாவது, ஜெபக் குறிப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஊர்சுற்றும். வேறு சமயக் குடும்பத்திலிருந்து சபைக்கு வரும் ஒரு பிள்ளையின் பெயரும் ஊரும் அப்படிப் போனால், அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். "ஒரு சகோதரி" என்றால் தேவனுக்கு விளங்கும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் இந்த மாவட்டத்தில் எவரும் இதை இலேசாக எடுக்கக்கூடாது.

மிஷன் பயணங்களுக்கு முதலில் தேவை ஒரு கொப்பி. இரண்டு மாவட்டங்களின் பிரதேச செயலகப் பிரிவுகளை ஒவ்வொரு பக்கமாக எழுதி, எந்தக் கிராமத்துக்கு எந்தச் சபை, எந்தக் கிழமையில் போகிறது என்று குறியுங்கள். களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் நெடுஞ்சாலையோரம் மூன்று சபைகள் ஒரே ஒழுங்கையில் வீடு சந்திப்பதும், வாகரைக்கு உள்ளேயோ வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கடைக்கோடியிலோ எவரும் எட்டிப்பார்க்காததும் அப்போது தெரியவரும். கொப்பியில் மற்றத் திருச்சபைகள் வேலை செய்யும் இடங்களையும் குறிக்க வேண்டும். அங்கே போய் ஆட்களை இழுப்பது மிஷன் ஆகாது. காலத்தையும் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் விதைப்புக் காலத்திலும் மாசி, பங்குனி அறுவடையிலும் வயல் வட்டையில் நிற்பவரைக் கூட்டத்துக்கு அழைக்க முடியாது. மார்கழி, தை மழையில் பாதைகள் தாழும். படுவான்கரையிலிருந்து பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும், யானை இறங்கும். நிவாரணப் பொதி கொடுக்கும் நாளில் கைப்பிரதி கொடுக்கக்கூடாது. சுனாமிக்குப் பின் எழுந்த மதமாற்றக் குற்றச்சாட்டுகள் இன்னும் மறக்கப்படவில்லை. பொதி வேறு நாள், சுவிசேஷம் வேறு நாள், முடிந்தால் வேறு ஆட்கள்.

இனி வேத மொழிபெயர்ப்பு. "தமிழில் வேதம் இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715 முதலே அச்சில் இருக்கிறது, உண்மைதான். கடவுளைக் குறிக்கும் சொல் மட்டும் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மூன்று முறை மாறியிருக்கிறது. அப்படியிருந்தும் நம் இரண்டு மாவட்டங்களில் அந்த வேதம் எட்டாதவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நகரத்தை அண்டி வாழும் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கீசக் கிரியோல் என்ற கலப்பு மொழி இன்னும் பேசப்படுகிறது. இலங்கைப் போர்த்துக்கீசத்தில் வெஸ்லியன் மிஷனரிமார் செய்த புதிய ஏற்பாடு 1826இல் கொழும்பில் அச்சானது. இன்று அதை எடுத்து வாசிப்பவர் அரிது. அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் வீட்டுமொழி தெலுங்கு, பள்ளிமொழி தமிழ். இவர்களுக்கு அச்சுப் புத்தகத்தைவிட ஒலிப்பதிவே பயன்படும். இவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் என்பதால் அவர்களுடைய கத்தோலிக்கப் பங்குச் சபையின் சம்மதத்தோடும் கூட்டோடும் மட்டுமே தொடங்க வேண்டும். எல்லாரையும்விட எட்டாதவர்கள் காது கேளாதோர். அவர்களுக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. சைகைமொழியில் முழு வேதாகமம் முதன்முதலாக முடிந்ததே 2020இல்தான், அதுவும் அமெரிக்கச் சைகைமொழியில்.

தமிழ் பேசுவோருக்கும் சோதனை தேவை. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். மாற்கு 1:16இல் சீமோனும் அந்திரேயாவும் "கடலில்" வலை போடுகிறார்கள். அங்கே உள்ள கிரேக்க வினை, சுழற்றி எறிவதைச் சொல்கிறது. நம் ஊரில் அது வீச்சுவலை. ஒரே ஆள், விளிம்பில் ஈயக் குண்டு, இடுப்பளவுத் தண்ணீர். மத்தேயு 13:47இல் வருவது வேறு வலை, வேறு சொல், அது கரைவலை. தோணியில் கொண்டுபோய் வளைத்து, இரண்டு கரைக் கயிற்றிலும் ஆட்கள் நின்று இழுத்து, மடி கரை சேர்ந்தபின் இருந்து பிரிப்பது. நல்லதும் கெட்டதும் ஒன்றாக மடிக்குள் வருகிறது, பிரிப்பு கரையில்தான் என்பதே அந்த உவமையின் உயிர். தமிழில் இரண்டுக்கும் "வலை" என்றே இருப்பதால், கல்லாறு, திருக்கோவில் போன்ற கடற்கரை ஊர்களில் கேட்பவர் தனக்குப் பழகிய வலையை வைத்து விளங்கிக்கொள்வார். வீச்சுவலையை நினைத்தால் உவமை உடைந்துவிடும். அதுபோல "கடல்" என்றதும் நமக்குத் தோன்றுவது அலையடிக்கும் கடல். கலிலேயா நன்னீர் ஏரி. லூக்கா அதை ஏரி என்றே எழுதுகிறார். வாவியையும் கடலையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு வாழும் ஊருக்கு இது சிறிய விடயமல்ல. வேத பாடத்தைத் திருத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒலிப்பதிவின் முன்னுரையில், ஞாயிறு பாடசாலைப் படத்தில், சைகைமொழி வரைவில் இதைச் சரியாகக் காட்டலாம்.

வரைவு எப்படிச் செய்வது? இருவர் வரைகிறார்கள், குழு சத்தமாக வாசித்துத் திருத்துகிறது, பிறகு ஊரில் சோதனை. இந்தச் சோதனையில்தான் பலர் வழுக்குகிறார்கள். வாசித்துவிட்டு "விளங்கிச்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம்" என்பார்கள், போதகர் மனம் நோகக்கூடாதல்லவா. "கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பிறகு யார், எங்கே, ஏன் என்ற கேள்விகள். ஓர் அமர்வுக்கு 15 முதல் 20 வசனம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பகுதிக்குக் குறைந்தது ஐந்து பேர். அவர்களுள் ஆணும் பெண்ணும், முதியவரும் இளையவரும் வேண்டும். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் பிழை வரைவில்தான். சபைக்கு வழமையாக வருபவரிடம் மட்டும் சோதிக்காதீர்கள். அவர்கள் வரைவைக் கேட்காமல் மனப்பாடத்திலிருந்து பதில் சொல்வார்கள். அடுத்தது பின்மொழிபெயர்ப்பு. மூல பாடத்தைப் பார்க்காத ஒருவர் வரைவை மட்டும் பார்த்து வேறு மொழியில் திருப்பிச் சொல்ல, மொழிபெயர்ப்பு ஆலோசகர் அதை மூலத்தோடு ஒப்பிடுவார். வரைந்தவரே பின்மொழிபெயர்ப்பும் செய்தால் அந்தப் படி இருந்தும் இல்லாததுதான்.

முக்கியச் சொற்களின் பட்டியலை வரைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பப்டிஸ்ட்டுகள் இதற்குப் பெரிய விலை கொடுத்தவர்கள். 1830களில் வங்காள மொழிபெயர்ப்பில் ஞானஸ்நானத்தை "மூழ்குதல்" என்ற பொருளில் எழுதியதால், பிரித்தானிய வேதாகமச் சங்கம் அதற்குப் பணம் தர மறுத்தது. பப்டிஸ்ட்டுகள் 1840இல் தனி மொழிபெயர்ப்புச் சங்கம் அமைக்க நேர்ந்தது. கத்தோலிக்கரும் சேர்ந்து வெளியிட்ட 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் "திருமுழுக்கு" என்ற சொல் இருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் சைகைமொழியில் இந்தச் சண்டை திரும்பவும் வரும். எழுத்தில் "ஞானஸ்நானம்" என்று எழுதி ஒவ்வொருவரும் தத்தம் பொருளைக் கொள்ளலாம்; கை அப்படி மறைக்காது. தலையில் தெளிப்பதையோ ஆளைத் தண்ணீரில் தாழ்த்துவதையோ காட்டியாக வேண்டும். மெதடிஸ்ட் சபையாரையும் கூட்டில் சேர்ப்பதாக இருந்தால் இதைக் கமெராவை எடுக்குமுன் பேசி முடியுங்கள். முடிவைச் சொல்லும் உரிமை காது கேளாத விசுவாசிகளுக்கே இருக்க வேண்டும். கேட்கிறவர்கள் உதவியாளர் மட்டுமே. பாடசாலைக்குப் பாடசாலை சைகை வேறுபடலாம் என்பதால் மட்டக்களப்பிலிருந்து இருவர், கல்முனைப் பக்கத்திலிருந்து இருவர் என்று குழு இருப்பது நல்லது.

பதிவில் சில நுட்பங்கள். சைகைப் பதிவுக்கு வெறும் சுவர், கோடில்லாத ஒற்றை நிறச் சட்டை, முன்னாலிருந்து வெளிச்சம். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை படத்துக்குள் வர வேண்டும். நெற்றியும் புருவமும் நிழலில் போனால் கேள்வி வாக்கியம் சாதாரண வாக்கியமாகிவிடும். ஒலிப்பதிவுக்கு மின்விசிறியை நிறுத்தி, சுவரில் பாயோ கம்பளியோ தொங்கவிட்டு, கைத்தொலைபேசிகளை வெளியே வைத்து, இரவில் செய்யுங்கள். பகலில் காகமும் ஓட்டோவும் விடாது. முதற்பதிவை சுருக்காத கோப்பாகவே வையுங்கள். ஏற்கெனவே உள்ள தமிழ் வேத பாடத்தைப் பதிவதானால், 1812 முதல் இயங்கும் இலங்கை வேதாகமச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி பெறுவது முதல் வேலை.

அதே 1812இல், மார்ச் 11 இரவு, சீராம்பூர் அச்சகம் தீப்பிடித்துக் காகிதமும் எழுத்தச்சுகளும் கேரியின் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. எரிந்த கையெழுத்துப் பிரதிகளுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. நம் கரைக்கு வெள்ளமும் சூறாவளியும் புதிதல்ல. ஒவ்வொரு வாரமும் மூன்று பிரதிகள். அவற்றில் ஒன்று கரையோரத்துக்கு வெளியே, அம்பாறை நகரில் இருக்கட்டும். பணத்துக்கு இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, இருவரும் வெவ்வேறு சபையினர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எல்லாச் சபைகளின் அறிவிப்புப் பலகையிலும்.

தொடங்குவதற்கு மாற்கு நல்லது. 16 அதிகாரம், மிகச் சிறிய சுவிசேஷம், நடப்பதைச் சொல்லும் கதை. முதல் அதிகாரத்தின் 45 வசனங்களை நான்கு சபைகள் பிரிக்கலாம்: 1 முதல் 13 வரை ஒன்று, 14 முதல் 20 வரை ஒன்று, 21 முதல் 34 வரை ஒன்று, மீதி ஒன்று. வலை வரும் 14–20 பகுதி கடற்கரைச் சபைக்குப் போகட்டும். ஞானஸ்நானம் நான்காம் வசனத்திலேயே வந்துவிடுவதால், சொற்பட்டியல் கூட்டத்தை முதல் திங்கள் ஜெபத்துக்கு அடுத்த சனிக்கிழமையே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பப்டிஸ்ட் சபை ஊழியர் சிலர்,
மட்டக்களப்பு – அம்பாறை