ஒன்று வேறு, ஒருவர் வேறு

கோத்தகிரி
ஞாயிறு இரவு

பிரியமான மகளுக்கு அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

உன் மெசேஜை நாலு தடவை வாசித்தேன். உன் அறைத்தோழி போகிற சபையில், நீ கைக்குழந்தையாய் இருந்தபோது எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, இயேசுவின் நாமத்தில் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதே வாரத்தில் பத்திரிகை கொடுக்க வந்த இரண்டு பேர், திரித்துவம் என்ற வார்த்தையே வேதத்தில் கிடையாது, அது கான்ஸ்டன்டைன் ராஜா திணித்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் சொல்றது சரிம்மா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். வேதப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இதை வாசி.

தோழியின் சபையார், பத்திரிகை கொடுத்தவர்கள் என்று இரண்டு பக்கத்தாருமே திரித்துவத்தை மறுப்பதால் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதே, கண்ணு. அவர்கள் ஒருவருக்கொருவர் நேர் எதிர். திரித்துவம் என்று நாம் அறிக்கையிடுவதை மூன்று வாக்கியமாகப் பிரித்துப் பார். தேவன் ஒருவரே. பிதாவும் தேவன், குமாரனும் தேவன், பரிசுத்த ஆவியானவரும் தேவன். பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல. பத்திரிகை கொடுத்த யெகோவாவின் சாட்சிகள் இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்: அவர்களுக்குக் குமாரன் முதலில் படைக்கப்பட்டவர், ஆவி என்பது தேவனுடைய சக்தி. உன் தோழியின் சபையார் மூன்றாவதை விடுகிறார்கள்: இயேசுவே பிதா, இயேசுவே ஆவியானவர். நம் சபையிலும் பலர் முதல் வாக்கியத்தை நழுவவிட்டு, மனதுக்குள் மூன்று தெய்வங்களை வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறார்கள், அதுவும் பிசகுதான். யார் பேசினாலும் இந்த மூன்றில் எது விடுபடுகிறது என்று பார். பேச்சு எங்கே திரும்புகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

தோழியின் சபையிலிருந்து தொடங்குகிறேன், உன்னை முடிவெடுக்கச் சொல்லி நெருக்குகிறவர்கள் அவர்கள்தானே. பெந்தெகொஸ்தே என்றாலே இப்படித்தான் என்று எண்ணாதே. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலத் திரியேக தேவனைத் தொழுகிறவர்கள். 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த ஒரு முகாம் கூட்டத்தில்தான் இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் என்ற பேச்சு கிளம்பியது. 1916-ல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை திரித்துவத்தைத் தன் விசுவாச அறிக்கையில் எழுதி வைத்தபோது, 150-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பிரிந்து போனார்கள். இயேசுவே பிதா என்கிற கருத்து அதைவிடப் பழசு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் சபெல்லியுஸ் என்பவரின் பேரால் வழங்கி, அன்றைக்கே தள்ளப்பட்டது.

அவர்கள் முதலில் எடுக்கிற வசனம் யோவான் 10:30: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்." விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசி. ஒன்றாய், ஒருவராய் அல்ல. இருக்கிறோம், இருக்கிறேன் அல்ல. கிரேக்கத்திலும் அப்படித்தான்: ஒருவர் என்பதற்கு 'ஹெய்ஸ்', ஒன்று என்பதற்கு 'ஹென்'. யோவான் எழுதியது 'ஹென்'. ஆங்கில வேதத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வரும். நம் தமிழ் அந்த வித்தியாசத்தை அப்படியே காட்டுகிறது. அடுத்து யோவான் 14:9-ஐக் காட்டுவார்கள், "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்". அங்கேயே நிற்காமல் 16-ஆம் வசனம் வரைக்கும் அவர்களோடு சேர்ந்து வாசி. "நான் பிதாவை வேண்டிக்கொள்ளுவேன்" என்கிறார், அவர் "வேறொரு தேற்றரவாளனை" தருவார் என்கிறார். நான், அவர், வேறொருவர்: ஒரே வசனத்தில் மூன்று பேரும் நிற்கிறார்கள்.

இயேசு ஜெபித்தது அவருடைய மனுஷத்தன்மை தெய்வத்தன்மையிடம் பேசியது என்று பதில் வரும். அப்போது யோவான் 17:5-க்குப் போ. உலகம் உண்டாவதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமை என்கிறார். உலகமே உண்டாகாத அந்த நேரத்தில் அவருக்கு மாம்சம் ஏது? பிதாவிடத்தில் இருந்தவர் யார்? இந்தக் கேள்வியைச் சத்தம் உயர்த்தாமல் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திரு.

இனி நம் வீட்டுக் குறையைச் சொல்கிறேன். திரித்துவத்துக்கு ஆதாரம் கேட்டால் நம் ஆட்கள் பாதிப்பேர் 1 யோவான் 5:7-ஐத் திருப்புவார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று இருக்கிறது. தயவுசெய்து அதை ஊன்றுகோலாக எடுக்காதே. அந்த வரி லத்தீன் பிரதிகளின் வழியாக வந்து சேர்ந்தது. கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவையும் மிகப் பிந்தியவை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை. 1522-ல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். குமாரன் படைக்கப்பட்டவர் என்று நாலாம் நூற்றாண்டில் போதித்த ஆரியஸுக்கு எதிராக வரிந்துகட்டி எழுதிய கிரேக்கப் பிதாக்கள் ஒருவர்கூட அதை எடுத்துக்காட்டவில்லை; கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? கத்தோலிக்கரும் நம்மவரும் சேர்ந்து 1995-ல் வெளியிட்ட திருவிவிலியத்தில் அதே இடத்தைப் பார், ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான் இருக்கும். யெகோவாவின் சாட்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும். நீ இதை எடுத்த மறுநிமிஷமே, உங்கள் உபதேசமே இடைச்செருகலில் நிற்கிறது என்பார்கள். அந்த வரியை எடுத்துவிட்டாலும் உபதேசத்தில் ஒரு கல்கூட அசையாது என்பதை நீயே முதலில் சொல்லிவிடு.

உவமைகளும் இப்படித்தான் காலை வாரிவிடும். நம் மலையில் அடிக்கடி சொல்வது பனி உவமை. ஜனவரியில் தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி நிற்கும். வெயில் பட்டதும் அது சொட்டாகும், பிறகு ஆவியாய் எழும்பும். மூன்றும் ஒரே தண்ணீர்தான். ஆனால் உற்றுப் பார், சொட்டு வந்தபோது உறைபனி போய்விட்டது, ஆவி எழும்பியபோது சொட்டு போய்விட்டது. பிதா குமாரனாக மாறினார், குமாரன் ஆவியாக மாறினார் என்று சபெல்லியுஸின் உபதேசத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். யோர்தானில் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார், எல்லாம் ஒரே வேளையில்.

தேயிலை உவமையும் அப்படியே. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் ஒரே காம்பில் இருக்கின்றன, உண்மைதான். மொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டால் இரண்டு இலையும் அப்படியே நிற்கும்; அப்படியென்றால் அவை துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்குதான். குமாரன் தேவனில் மூன்றில் ஒரு பங்கு அல்லவே. அதோடு கீழ் இலை முந்திப் பிறந்தது, மொட்டு பிந்தியது. குமாரன் இல்லாதிருந்த காலம் உண்டு என்று ஆரியஸ் சொன்னாரே, அந்த இடத்துக்கே இது கொண்டுபோய் விடும். உவமை இல்லாமல் வசனத்தோடு நிறுத்துவதுதான் பத்திரம்.

சாட்சிகளிடம் வருவோம். திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை என்றால் ஆமாம் என்று ஒத்துக்கொள். அந்தியோகியா தெயோபிலு ஏறக்குறைய 180-ல் 'திரியாஸ்' என்று கிரேக்கத்தில் எழுதினார், கொஞ்ச காலம் கழித்துத் தெர்த்துல்லியன் லத்தீனில் 'திரினிதாஸ்' என்றார். பொருள் முந்தியது, பெயர் பிந்தியது. கான்ஸ்டன்டைன் கதையோ தேதியைப் பார்த்தாலே நிற்காது. குமாரனும் தேவனே என்று அறிக்கையிட்ட பேராயர்களின் நிசேயா சங்கத்தை 325-ல் கூட்டியது அவர்தான். ஆனால் அதற்கு 200 வருஷத்துக்கு முன்பே பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று ரோம ராயனுக்கு எழுதியிருக்கிறார். அவர் நமக்கு வேண்டியவர் அல்ல, நம்மவர்களைத் தண்டித்தவர். கான்ஸ்டன்டைன் 337-ல் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றதும் ஆரியஸ் பக்கம் சாய்ந்த எவுசேபியு என்ற பேராயரிடம்தான். அவர் மகன் கான்ஸ்டான்டியுஸ் ஆரியஸ் கட்சியைத் தூக்கிப்பிடித்தார். நிசேயாவின் பக்கம் நின்ற அலெக்சாந்திரியாப் பேராயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரண்மனை அதிகாரத்தால் நிலைத்தது என்றால் நிலைத்திருக்க வேண்டியது ஆரியஸின் உபதேசம்.

யோவான் 1:1-க்கு அவர்களுடைய ஆங்கில மொழிபெயர்ப்பில், வார்த்தை "ஒரு தேவன்" என்று பொருள்படும்படி இருக்கும். கிரேக்கத்தில் அந்த இடத்தில் தேவன் என்ற சொல்லுக்கு முன்னால் (ஆங்கிலத்தின் the மாதிரி) சுட்டுச்சொல் இல்லை என்பது காரணம். அதே அதிகாரத்தில் 6, 12, 13, 18 வசனங்களிலும் அந்தச் சொல் அப்படியேதான் வருகிறது. அங்கெல்லாம் "ஒரு தேவன்" என்று போடவில்லை. நம் வேதத்தில் ஒரே வசனத்தில், வார்த்தை "தேவனிடத்திலிருந்தது" என்றும் "தேவனாயிருந்தது" என்றும் இரண்டும் இருக்கிறது. முதல் சொல் உன் தோழிக்குப் பதில், இரண்டாவது சாட்சிகளுக்கு. கொலோசெயர் 1:15-ல் "முந்தின பேறு" என்பதைப் பிடித்தால் சங்கீதம் 89:27-ஐக் காட்டு. கடைக்குட்டியான தாவீதைத் தேவன் முதற்பேறானவன் ஆக்குகிறார்; அது மேன்மையின் பட்டம், பிறந்த வரிசை அல்ல. அடுத்த வசனத்தில், சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்ற இடத்தில் அவர்கள் "மற்ற" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார்கள். பழைய ஆங்கிலப் பதிப்பில் அது அடைப்புக்குறிக்குள் இருந்தது, 2013 பதிப்பில் அடைப்புக்குறியும் போய்விட்டது.

அவர்கள் கையிலும் கனமான வசனங்கள் உண்டு, மறைக்காதே. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28). அந்த நாழிகையைக் குமாரனும் அறியார் (மாற்கு 13:32). பிலிப்பியர் 2:6, 7-ஐ இவற்றோடு வைத்து வாசி: தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத்தாமே வெறுமையாக்கினார். தாழ்த்திக்கொண்டவர் பேசுகிற பேச்சு அது. இதில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனாலும் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றபோது இயேசு தடுக்கவில்லை.

பேச்சு முட்டி நிற்கும்போது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று கேள். திரித்துவத்தில் மூன்று ஆள் என்றால் தமிழ்க் காதில் தனித்தனியாக மூன்று பேர் என்றுதான் விழும். கிரேக்கரும் லத்தீன்காரரும் இப்படியே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். 362-ல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியு இரண்டு பக்கத்தாரையும் விசாரித்து, சொல்தான் வேறு, விசுவாசம் ஒன்று என்று கண்டார். அதனால்தான் திரித்துவம் என்பதைவிடத் திரியேகர் என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். அதில் மூன்றும் இருக்கிறது, ஒன்றும் இருக்கிறது. கூடலூர்ப் பக்கத்துச் சிரியன் சபையார், ஆவியானவர் பிதாவிலிருந்து புறப்படுகிறார் என்று நிறுத்துவார்கள், நாம் குமாரனிலிருந்தும் என்று சேர்ப்போம். அது திரியேகரைத் தொழுகிற வீட்டுக்குள் உள்ள வழக்கு. அதை இதோடு போட்டுக் குழப்பாதே.

வீட்டுக்கு வருகிறவர்களை மரியாதையாக உட்காரவைத்துப் பேசு. 1553-ல் ஜெனீவாவில் செர்வேத்து என்பவரைத் திரித்துவத்தை மறுத்தார் என்று உயிரோடு எரித்தார்கள். நம் பக்கத்தார் செய்த பாவம் அது, நினைத்தால் வயிறு எரிகிறது.

திரும்ப ஞானஸ்நானம் எடுப்பதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அப்போஸ்தலர் 2:38-ல் "இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே", 8:16-ல் "கர்த்தராகிய இயேசுவின் நாமத்தினாலே", 10:48-ல் "கர்த்தருடைய நாமத்தினாலே". வார்த்தை பிசகாமல் உச்சரிக்க வேண்டிய சூத்திரம் என்றால் இந்த மூன்றில் எது? 19-ஆம் அதிகாரத்தில் எபேசு சீஷர், பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படவில்லை என்கிறார்கள். பவுல் உடனே, அப்படியானால் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று கேட்கிறார். ஞானஸ்நானத்தில் ஆவியானவரின் பெயர் சொல்லப்படுவது வழக்கமாக இருந்தால்தானே இந்தக் கேள்வி எழும்? அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட திதாகே என்ற சிறு நூலில், ஓடும் தண்ணீரும் மற்றத் தண்ணீரும் போதிய அளவு இல்லாவிட்டால் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே தலையில் மூன்று தரம் ஊற்று என்று இருக்கிறது. இரண்டு அத்தியாயம் தள்ளி, அதே ஞானஸ்நானத்தைக் "கர்த்தருடைய நாமத்தில்" பெற்றது என்றே அந்த நூல் சொல்கிறது. உனக்குக் கொடுத்தது மத்தேயு 28:19-ல் கர்த்தர் கொடுத்த வார்த்தையைச் சொல்லித்தான். அங்கேயும் நாமங்களிலே என்று இல்லை, நாமத்திலே என்று ஒருமையில் இருக்கிறது.

தோழியிடம் இதை ஒரே இரவில் கொட்டாதே. யோவான் 14-லிருந்து 17 வரை, நாளைக்கு ஒரு அதிகாரம், இரண்டு பேரும் மாறி மாறிச் சத்தமாய் வாசியுங்கள். நான், நீர், அவர் என்று வருகிற இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். 17-ஐ முடித்த அன்றைக்கு எனக்குக் கூப்பிடு, அவளும் பேச விரும்பினால் போனை அவளிடம் கொடு. திருவிவிலியம் ஒன்றும் தேயிலைத்தூள் அரைக்கிலோவும் புதன்கிழமை பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா